செல்லியம்மாளுக்குச் சாமி விட்டுக்கொடுத்த ஒரு குறை

மேல்புளியங்குட்டையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. செல்லியம்மாள் யாரையும் எதையும் குறை சொல்லி ஏழு வருஷம் ஆகப்போகிறது.

அதற்கு முன்னால் அவள் வேறு ஆள். கல்யாணப் பந்தலுக்குள் காலை வைக்கும்போதே, "குழம்புல புளி பழசு" என்று சொல்லிவிடுவாள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரும் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பால்மாட்டைப் பார்த்து, "ஒரு காம்பு திருடுது" என்பாள். ஒருதரம் பௌர்ணமி நிலாவை நிமிர்ந்து பார்த்து, "இடது பக்கம் கொஞ்சம் நசுங்கிக்கீது" என்றாள். அன்றைக்கு ஊரே நிலாவைச் சந்தேகமாகப் பார்த்தது.

அப்போதுதான் அவள் புருஷன் கருப்பன் புளி உலுக்க மரமேறிக் கிளை முறிந்து விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்கவில்லை. செல்லியம்மாள் மலைமேல் இருக்கும் ஊருக்குத் திரும்பி வந்து ஊர்ச்சாமி வேடியப்பன் சன்னதியில் விழுந்தாள்.

"சேவல் நேர்ந்துக்கிறேன் சாமி" என்றாள்.

"சேவல் எல்லாரும்தான் தர்றாங்க" என்றார் பூசாரி. "உனக்கு ரொம்பப் புடிச்சது எதுவோ அத விட்டுடும்மா."

"எனக்கு இன்னா புடிக்கும்?" என்று அவள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ஏழாவது ஆடி பிறக்கிற வரைக்கும் குறை சொல்வதில்லை என்று கற்பூரம் அடித்து நேர்ந்துகொண்டாள். மறுநாள் காலையில் கருப்பன் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். கஞ்சியில் உப்பு இல்லை என்று அவன்தான் சொன்னான். அவள் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மடியில் வறுத்த புளியங்கொட்டை வைத்திருப்பாள். வாய்க்குக் குறை வருகிறபோதெல்லாம் ஒன்றை எடுத்துக் கடைவாயில் போட்டு, 'கடக்'. வாக்கு தவறினால் சாமி கொடுத்த உயிரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று அவள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டேதான் இருந்தாள். ஊருக்கு அந்த நடுக்கம் இல்லை. விஜயராஜ் டீக்கடையில் பால் மெள்ள மெள்ளத் தண்ணீராகிக்கொண்டே போனது. மருமகள் அம்சவல்லி கிண்டும் களியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி வந்தது. கேட்க ஆள் இல்லை.

இப்படி இருக்கையில், இந்தச் சித்திரையில், போளூரிலிருந்து ஆனந்தி என்று ஒரு பெண் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் பை. பையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு டேப்லெட். செல்போனுக்கு அக்கா, டிவிக்குத் தங்கச்சி என்று சொல்லும்படியான பலகை. பெங்களூரில் மேடை போட்டு, புகை விட்டு, இப்படி ஒன்று வரப்போகிறது என்று போன வாரம்தான் கம்பெனிக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். கடைக்கு வர இரண்டு மாசம் ஆகுமாம். அதற்குள் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லி ஆனந்தியை அனுப்பியிருந்தார்கள்.

ஆனால் அவள் கையில் இருந்தது நிஜ டேப்லெட் இல்லை. மாதிரி. உள்ளே கனத்துக்கு ஒரு இரும்புத் தகடு, மேலே ஒட்டின படம். படத்தில் பனிமலை, மூலையில் மணி பத்து பத்து. விடிந்தாலும் பத்து பத்து, பொழுது சாய்ந்தாலும் பத்து பத்து.

"லைட்டு எரியாதா?" என்று கேட்டான் விஜயராஜ்.

"இது மாடல்ங்க. நிஜம் எரியும். புடிச்சிருக்கா, ரொம்பப் புடிச்சிருக்கா?"

விஜயராஜ் அதை வாங்கி அதன் மேல் நாலு டீ கிளாஸை வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். "ஒரு சொட்டு சிந்தல. ரொம்பப் புடிச்சிருக்குது."

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உபயோகிப்பீர்கள் என்று கேட்டதற்கு ஒரு பெரியவர், "மழய பொறுத்து" என்றார். "தலைக்குப் புடிச்சிக்கினு போவலாம். தூறலா இருந்தா அரைமணி." பூசாரி, விபூதித் தட்டைவிட நாலு விரல் பெரிசு, ஆனால் விளிம்பு இல்லாததால் விபூதி பறக்கும் என்றார். ஆனந்தி எல்லாவற்றையும் தன் போனில் பதிந்துகொண்டாள். கடைசியாக ஒரு பெயர் மிச்சம் இருந்தது. கம்பெனி கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டு எடுத்த பெயர். மாற்ற முடியாது. செல்லியம்மாள்.

"அடி ஆத்தி" என்றான் விஜயராஜ். கடையை அப்படியே விட்டுவிட்டு அவனும் பின்னால் போனான். ஊரில் பாதி போனது.

செல்லியம்மாள் முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை வாங்கினாள். முன்னால் பார்த்தாள். 'கடக்.' திருப்பிப் பார்த்தாள். 'கடக், கடக்.' மணி தப்பு. மலையில் ஒரு மரம் இல்லை. மஞ்சள் கை பட்டால் அப்படியே தெரிகிறது. ஆணியில் மாட்ட ஒரு காதுகூட வைக்கவில்லை. இப்படியே ஏழு கொட்டை போனது.

"நல்லாக்கீது கண்ணு" என்றாள், கண்ணில் நீர் நிற்க.

"இதுல குறைன்னு இன்னா சொல்வீங்கம்மா?"

"ஒண்ணும் இல்லியே."

ஆனந்தி போனைத் தட்டினாள். அது நகரவில்லை. குறை என்ற இடத்தில் ஏதாவது ஒன்று, அதுவும் அந்தம்மா குரலிலேயே பதிவானால்தான் அடுத்த பக்கம் திறக்கும். குறையே சொல்லாத ஜனம் உலகத்தில் இல்லை என்று கம்பெனி முடிவு பண்ணி வைத்திருந்தது.

"ஏழு குறை கீதும்மா, நான் எண்ணினேன்" என்றான் கருப்பன். "எழுதிக்கோ."

"கடக்குன்னு எழுத முடியாதுங்க ஐயா. அவங்க வாயால சொல்லணும். நாலு மணிக்கு எனக்கு பஸ்ஸு. இது முடியலன்னா மத்தவங்க சொன்னது எதுவும் கம்பெனிக்குப் போவாது."

கருப்பன் விஷயத்தைச் சொல்லக் கேட்டதும் ஆனந்திக்கு முகம் வாடிவிட்டது. நேர்த்திக்கடன் என்ற பிறகு அவளாலும் வற்புறுத்த முடியவில்லை. போளூரில் அவள் அம்மாவும் சாமிக்கு நேர்ந்துகொண்டு வெற்றிலையை விட்டவள்தான்.

"என் உசுருக்குத்தான நேர்ந்த? நானே சொல்றேன், சொல்டு" என்றான் கருப்பன்.

"உசுரு உன்துதான். வாக்கு சாமிக்குக் குடுத்தது" என்றாள் செல்லியம்மாள். "உனக்கு எதுனா ஆச்சின்னா இந்தப் பொண்ணா வந்து பாக்கும்?"

"அப்ப சாமியவே கேட்டுடலாம்" என்றார் பூசாரி.

வேடியப்பன் சன்னதிக்கு எல்லாரும் போனார்கள். அந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா, எதுவானாலும் பூக் கேட்பதுதான் வழக்கம். சாமி தோளில் வலது பக்கம் ஒரு பூ, இடது பக்கம் ஒரு பூ ஈரத்தோடு ஒட்டி வைப்பார்கள். வலது விழுந்தால் சரி. இடது விழுந்தால் கூடாது. டேப்லெட்டையும் சாமி முன்னால் ஒரு வாழை இலையில் வைத்தார்கள். எதைப்பற்றிய பேச்சு என்று சாமிக்கும் தெரிய வேண்டாமா. பூசாரி அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். பனிமலை உச்சியில் குங்குமம்.

"சாமி, இந்தப் பலகைமேல செல்லியம்மா குறை சொல்லலாமா?"

கால்மணி ஆயிற்று. இடது பூ விழுந்தது.

ஆனந்தி பெருமூச்சு விட்டாள். கருப்பன் விடவில்லை. "எவ்ளோன்னு சொல்லிக் கேளுங்க. அவ கொஞ்ச நஞ்சமா சொல்வா? சாமிக்கு பயம் இருக்காதா? பத்து மட்டும்னு கேளுங்க."

பத்துக்கு இடது. அஞ்சுக்கு இடது. சந்தையில் கோழி பேரம் பேசுவது மாதிரி பூசாரி இறங்கிக்கொண்டே வந்தார். செல்லியம்மாள் கைகூப்பியபடி கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. 'கூடாதுன்னா கூடாதுன்னே சொல்டு சாமி, எனக்கு ஆசை காட்டாத.'

"ஒண்ணே ஒண்ணு?"

பூசாரி வாய் மூடவில்லை. வலது பூ தொப்பென்று விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. கைக்கு ஒரு குறை வந்திருக்கிறது என்றதும் ஊரே அதற்கு ஆசைப்பட்டது.

"அக்கா, இந்த கருமத்துக்கா அத செலவு பண்ணப்போற? ரோட்டுமேல சொல்லேன். ஆபீசருங்க வந்து நிப்பாங்க."

"ரேஷன் அரிசி மேல சொல்லு பெரிம்மா."

"விஜயராஜ் டீ மேல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விஜயராஜ் கூட்டத்தில் இருந்து மெதுவாக நழுவினான்.

அம்சவல்லி பக்கத்தில் வந்து முந்தானையைத் திருகிக்கொண்டு, "அத்த, களிய பத்தி வூட்டுலயே பேசிக்கலாம் அத்த" என்றாள்.

கருப்பன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"சாமி குடுத்தது இதுக்குத்தான்" என்றாள் செல்லியம்மாள். "வேற எதுக்கும் எடுத்தா அது திருட்டு."

இலையிலிருந்து டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு குறை இருக்கிறது. ஒன்றுதான் சொல்லலாம். மணியைச் சொன்னால் காது போய்விடும். காதைச் சொன்னால் மரம் போய்விடும். எல்லாக் குறைக்கும் தாய்க்குறை எது என்று தேடினாள். மூணு மணி ஆயிற்று. மூணரை ஆயிற்று. கீழே ஜமுனாமரத்தூர் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் ஹாரன் சத்தம் கேட்டது. ஆனந்தி போனை அவள் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு, இத செஞ்சி முடிச்சிட்டாங்களா?"

"முடிச்சிட்டாங்கம்மா. மேடையிலேயே காட்டிட்டாங்க."

செல்லியம்மாள் நிமிர்ந்தாள். ஏழு வருஷத்துப் பழைய குரல் வந்தது. மரத்தில் இருந்த காக்கை பறந்தது.

"அப்ப குறை இதுதான். யாரையும் கேக்காம செஞ்சி முடிச்சிட்டு, இப்ப வந்து கேக்கறாங்க."

போனில் பச்சை விளக்கு எரிந்து அடுத்த பக்கம் திறந்தது. 'வேறு குறைகள் உண்டா?'

செல்லியம்மாள் வாயைத் திறந்தாள். கருப்பன் தூணைப் பிடித்துக்கொண்டான். அவள் மடியில் கைவிட்டாள். 'கடக்.'

"இல்லைன்னு போட்டுடறேம்மா" என்று ஆனந்தி அழுத்திவிட்டு, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, குங்குமப் பொட்டோடு டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் கருப்பன் ரெண்டு தரம் கனைத்தான்.

"செல்லி, என்மேல குறை எதுனா வெச்சிக்கினு கீறியா? உள்ள?"

"ஆடி வரட்டும்" என்றாள். "இன்னும் மூணு மாசந்தான?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அது டீக்கடைக்குப் போய், அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் போனது. மறுநாள் காலையில் விஜயராஜ் கடை டீயில் ஆடை படிந்தது. அம்சவல்லி கிண்டிய களி வெண்ணெய் மாதிரி இருந்தது. பூசாரி கோயில் மணியைப் புளி போட்டுத் துலக்கி எடுத்தார். ரெண்டு வருஷமாகச் சாய்ந்து கிடந்த குழாயடிக் கம்பத்தை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

செல்லியம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள். மடியிலிருந்து ஒரு கொட்டையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இப்படியே போனால் ஆடிக்குக் குறை சொல்ல என்ன மிச்சம் இருக்கும்?

வீட்டுக்கு வந்தால், கருப்பன் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறிக்கொண்டிருந்தான். மழைக்கு ஒழுகுகிற இடத்து ஓடுகளை மாற்றப் போகிறானாம். ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடியில் கல் ஆடியது. அவளுக்கு அந்தப் புளியமரம் கண்ணில் வந்து போனது. ஏணி சரியில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அது குறை. சொல்லாவிட்டால் அவன் விழுவான்.

ஓடிப்போய் ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமே, ஏணி சரியில்லியா?" என்றான் மேலேயிருந்து.

"நல்லாக்கீது" என்றாள். "நீ மெதுவா செய்."

அவன் இறங்குகிற வரைக்கும், உச்சி வெயிலில், கையை எடுக்கவில்லை. வேடியப்பன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து மட்டும் முணுமுணுத்தாள்.

"இவன பத்திரமா எறக்கி வுடு சாமி. அப்புறம், அந்த ஓட்டுல எதுனா ஒண்ண கோணலா வெக்கச் சொல்லு. ஆடிக்கு ஆவும்."