போட்டுக் கழற்றிய சீருடை

என் ஜெராக்ஸ் கடைக்கும் தையல்காரம்மாவின் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பதினெட்டு வருடமாக அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் எனக்கு எதுவும் தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சாரணியர் படைக்கு வருடா வருடம் சீருடை தைப்பது அவள்தான். கை அத்தனை நேர்த்தி. வாய்தான் வேலைக்கு ஆகாது; 'முடியாது' என்ற சொல்லே அதில் வராது. நாளைக்கே வேண்டும் என்றாலும் "சரிங்க", பிரித்துத் தை என்றாலும் "சரிங்க".

புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரே மகள். அவளுக்குப் பதிமூன்று வயதானதிலிருந்து அவள் உடம்புதான் கடைக்கு அளவு பொம்மை. தைத்து முடித்த சீருடையை அவளுக்குப் போட்டு, தோள் இறங்குகிறதா, இடுப்பு பிடிக்கிறதா என்று பார்ப்பாள் அம்மா. அந்த ஐந்து நிமிடமும் பெண் கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்பாள். பிறகு, "கழட்டு, இஸ்திரி போடணும்." கழற்றிக் கொடுத்துவிட்டுப் பொத்தான் தைக்க உட்கார்ந்துவிடுவாள்.

"நானும் படையில சேர்றேம்மா" என்று மூன்று வருடம் கேட்டாள்.

"நீ கூடாரம் அடிக்கப் போயிட்டா பொத்தான் யாரு தைப்பா?"

தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

இருபத்தோரு வயதில் அவளுக்குக் கல்யாணம். போன மாதம் வலது மணிக்கட்டு வீங்கிப்போய் வந்து நின்றாள். "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். தையல்காரம்மா பழைய துணியைச் சுற்றிவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விட்டாள். முழங்கைக்கு மேலே விரல் தடம் தெரிந்தது. எனக்கே தெரிந்தது, பெற்றவளுக்குத் தெரியாதா? நான்கு நாள் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் புதுச் சீருடை வாங்க ஒரு பெண் வந்தாள். பதினைந்து வயது, சாரணியர் அணித்தலைவி. இரண்டு வருடத்துக்கு முன் அளவு கொடுக்க வந்தபோது தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த அதே குழந்தைதான். தையல்காரம்மா மகளின் கையைப் பார்த்ததும் தன் கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை உருவினாள்.

"அக்கா, கையை அசைக்காதீங்க." ஒரு நோட்டுப் புத்தகத்தை அடியில் அணையாக வைத்து, ஸ்கார்ஃபை முக்கோணமாக மடித்துக் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள். பிறகு கேட்டாள். "யாரு அடிச்சதுக்கா?"

"கதவு…"

"கதவுக்கு விரல் இருக்காதுக்கா."

மெஷின் நின்றது.

"அவர்தான்" என்றாள் மகள். தன் காதுக்கே நம்பிக்கை வராதவள்போல இன்னொரு தடவையும் சொன்னாள்.

"எக்ஸ்ரே எடுக்கணும். எங்க படையில யாரையும் தனியா அனுப்ப மாட்டோம். வீட்டுல சொல்லிட்டு நானும் கூட வர்றேன்."

கிளம்பிவிட்டார்கள். பெரிய மனுஷிகள் நாங்கள் இரண்டு பேரும் மரம் மாதிரி நின்றோம்.

மாவுக்கட்டோடு திரும்பினார்கள். எலும்பில் விரிசல். போகும்போது அந்தப் பெண் இடது கையை நீட்டினாள். "நாங்க இந்தக் கையாலதான் குலுக்குவோம்." மகள் தன் நல்ல கையைக் கொடுத்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. கை வேலையாக இருப்பதால் தையல்காரம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை அவளைக் கொண்டுவந்து விட்டுடுங்க."

"சரிங்க மாப்பிள்ளை."

பழக்க தோஷம். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

மகள் கத்தவில்லை. "நீ போடுன்னா போட்டேன், கழட்டுன்னா கழட்டினேன். மாட்டேன்னு சொல்ல நான் எங்கம்மா பழகினேன்? அங்கயும் அப்படியேதான் இருந்தேன்."

தையல்காரம்மா போனை எடுத்தாள். அதே எண்ணை அழுத்தினாள். "அனுப்ப முடியாதுங்க." அந்தப் பக்கம் வசவு கொட்டியது. "முடியாது" என்றாள் மறுபடியும். அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, தைக்காத சீருடைத் துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

மகள் எழுந்து போய்த் தேற்றவில்லை. நானும் போகவில்லை.