ஆண்கள் துறையும் ஊசிவால் வாத்தும்

பறவை பார்ப்பது என்பது, பறவையைத் தவிர மற்ற எல்லோராலும் நாம் பார்க்கப்படுகிற தொழில். கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நாளாவது ஆற்றங்கரையில் நின்று பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஐம்பதுகளின் கடைசியில் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு அறிவியல் டீச்சர் வேலை. சம்பளத்துக்குப் பாடம் நடத்தினேன். மார்கழியிலிருந்து மாசி வரை சம்பளமில்லாமல் காவிரிக் கரையில் நின்றேன். அணைக்குக் கீழே தண்ணீர் வடிந்து மணல் திட்டுகள் தலைகாட்டும். வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கும். காலை வெயிலில் அவை ஒன்றாக எழும்பும்போது யாரோ பட்டுப் புடவையை உதறுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் போனேன். அந்த ஊரில் எனக்கென்று வேறு எதுவும் இல்லை.

பைனாகுலர் சேலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியது. யுத்தத்துக்குப் போய்த் திரும்பியது என்று கடைக்காரர் சொன்னார். ஒரு பக்கத்துக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்ததால், உலகத்தில் பாதி எனக்கு எப்போதும் பனிமூட்டமாகவே இருந்தது.

தோட்டத்தின் சரியான அளவு

கையில் கருவியோடு ஒருத்தி கரையில் நிற்கிறாள் என்றால், அளவுக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்களிடமிருந்து எடுக்க வந்த சர்க்கார் ஆள்தான் என்று வெற்றிலைத் தோட்டக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் பூவன் பழச் சீப்போடு வந்து நின்றார். நான் பறவை பார்க்கிறேன் என்றேன். பெரிய அதிகாரிகளின் சின்னப் பொய்களைக் கேட்டு மரியாதைக்குச் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார்.

நம்பட்டும் என்று பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். அவர் வாத்துப் பக்கம் திரும்பவே இல்லை. தன் தோட்டத்தைப் பார்த்தார், அது அத்தனை பெரிதாகத் தெரிந்ததில் பயந்து போனார். அப்புறம் கருவியைத் திருப்பி, மறுமுனையைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னார்: "அம்மிணி, மேலிடத்துக்கு எழுதறப்ப இப்படித் திருப்பிப் புடிச்சுப் பார்த்து எழுதுங்க. தோட்டம் இந்தப் பக்கம்தானுங்க சரியான அளவுல தெரியுது."

கொழுப்பு

ஊசிவால் வாத்து என்று ஒன்று உண்டு. நீண்ட கழுத்தும் கூரான வாலுமாக, சலவை செய்து அனுப்பியது போல இருக்கும். இமயமலைக்கு அப்பாலிருந்து, ரஷ்யாவின் பனிக்காடுகளிலிருந்து, இந்த மணல் திட்டைத் தேடி வருகிறது என்று பரிசல்காரரிடம் ஒருநாள் உருகி உருகிச் சொன்னேன். ஆண் வாத்தின் கழுத்தில் ஓடும் வெள்ளைக் கோட்டைப் பற்றியும் சொன்னேன். துடுப்பை நிறுத்திவிட்டு அவர் முழுவதையும் கேட்டார். கண்ணில் ஈரம் கூட இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

கடைசியில் பெருமூச்சு விட்டார். "அத்தனை தொலவு பறந்து வந்துமா டீச்சரம்மா அதுக்குக் கொழுப்புக் கரையல? நேத்துச் சட்டியில மிதந்துச்சுங்க."

ஆண்கள் துறை

வாத்துகள் விரும்பிய மணல் திட்டு ஆண்கள் குளிக்கும் துறைக்கு நேர் எதிரே இருந்தது. இதில் என் தவறு எதுவுமில்லை. ஆற்றை நான் வெட்டவில்லை. ஆனால் கோவணத்தோடு நிற்கிற ஒருவர், தன்னை நோக்கித் திரும்பியிருக்கும் பைனாகுலரைப் பார்த்து, இது எனக்குப் பின்னால் இருக்கும் வாத்துக்கு என்று நினைப்பதில்லை. ஊர் ஆண்கள் கூடிப்போய்ப் பள்ளி நிர்வாகத் தலைவரிடம் முறையிட்டார்கள். கரும்பும் வாழையும் வைத்திருந்த பெரிய விவசாயி அவர். பொங்கலுக்குள் நான் கரையை விட வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். உண்மையில் அந்த ஆண்கள் குறுக்கே நின்று மறைப்பதால் எனக்குத்தான் நஷ்டம் என்றும், அதைத் தலைவரிடம் நேரில் போய் விளக்குகிறேன் என்றும் சொன்னேன். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா தாயே, அதை மட்டும் சொல்லிடாதே. அவங்களைத்தான் பார்த்தேன்னு ஒத்துக்கிட்டாக்கூட மன்னிச்சிடுவாங்க. அவங்களை விட்டுட்டு வாத்தைப் பார்த்தேன்னு சொன்னா மன்னிக்கவே மாட்டாங்க."

சிபாரிசு

கிறிஸ்துமஸுக்குச் சேலம் போனபோது, தலைவருக்கு என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுதித் தரும்படி எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் ஒழுங்காக வருவதில்லை என்பது அவர் காதுக்கு முன்பே போயிருந்தது. பரிசுத்த ஆவியானவரும் பறவை உருவத்தில்தானே இறங்கி வந்தார், சுவாமி என்றேன். கல்லூரியில் படித்த திமிர்; அப்போது கொஞ்சம் மிச்சமிருந்தது.

அவர் கோபப்படவில்லை. "அது புறா, மகளே. இருந்த இடத்துலயே இருக்கிற பறவை. நீ சொல்றது குளிர் வந்தா ஓடிப்போறது. அதுக்கு நான் எப்படிச் சிபாரிசு பண்றது?"

அக்கரை மாப்பிள்ளை

பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது தலைவரின் மனைவியே கரைக்கு வந்தார். கூடவே மகள் பாவாயி. என்னிடம் படித்தவள், பள்ளி இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், இதுல ஆம்பளைங்களைப் பார்க்கறீங்கன்னு ஊரே பேசுதுங்களே, நெசமாலுமே அத்தனை நல்லாத் தெரியுமுங்களா?"

அக்கரையில் பாவாயிக்கு ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பொங்கல் கழிந்ததும் நிச்சயம். "நேர்ல போனா வெள்ளை வேட்டி கட்டிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாமப் பார்க்கோணுமுங்க." பைனாகுலரைக் கொடுத்தேன். அக்கரை மணலில் கரும்பு வண்டி ஒன்று சக்கரம் புதைந்து நின்றது. பக்கத்தில் மாப்பிள்ளை. அம்மாவுக்குத் திருப்தி. "நல்ல ஒசரம். தலமுடியும் இருக்குது." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குன்னு இதுல ஒருத்தரையும் பார்க்கலீங்களா?" என்றார். தூரத்தில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றேன்.

பெண்ணிடம் யாரும் கொடுக்கவில்லை. நான் வாங்கி அவளிடம் நீட்டினேன். வகுப்பில் நுண்ணோக்கியைப் பார்ப்பது போலவே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். திட்டிலிருந்து வாத்துகள் எழும்பின. அந்தப் பட்டுப் புடவைச் சத்தம் எங்கள் தலைக்கு மேலே போயிற்று. அவள் நிமிரவில்லை. கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அம்மா, மாட்டை அடிச்ச அதே சாட்டையில வண்டிக்காரரையும் அடிக்கிறாருங்க. மாடாச்சும் தலையத் திருப்புச்சு, வண்டிக்காரரு அப்படியே நிக்கிறாருங்க."

தலைவர்

அந்த அம்மாள் வீட்டுக்குப் போய், கோயிலில் பூ கேட்டதில் சிவப்புப் பூ வந்து சாமி மறுத்துவிட்டது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தெய்வத்தின் மேல் பழி போட்டால் புருஷர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் தலைவர் பூசாரியை விசாரித்தார். அந்த வாரம் யாரும் பூ கேட்கவே இல்லை. மகளை உட்கார்த்திவைத்துக் கேட்டார். அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் அவர் தனியாக வரப்பில் வருவது தெரிந்தது. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். டிரங்குப் பெட்டியில் எதை முதலில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். வந்தவர் என் பக்கத்தில் நின்றார். அதற்கு முந்தின நாள் பரிசலில் அக்கரை போய் வந்ததாகச் சொன்னார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லையாம், கட்டுத்தறிக்குப் போய் மாட்டின் முதுகைத் தடவிப் பார்த்தாராம். முதுகு முழுக்கத் தழும்பு. மகள் சொன்னதை நம்பாதவர், மாடு சொன்னதை நம்பிவிட்டார். சம்பந்தம் முறிந்தது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று சொன்னார்: "டீச்சர், நீங்க இங்கயே நின்னு யாரை வேணும்னாலும் பாருங்க. எங்கூட்டுப் பொம்பளைங்க கையில மட்டும் இனிமே அதைக் குடுத்துராதீங்க."

இத்தனை குளிர்காலங்களும் பறவை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு நான் பார்த்தது பெரும்பாலும் மனிதர்களைத்தான். அதுவும் பூஞ்சை பிடித்த கண்ணாடி வழியாக என்பதால், உள்ளதைவிடக் கொஞ்சம் நல்லவர்களாகவே தெரிந்தார்கள்.