மூளி வாய்த் துப்பாக்கி

சுட்ட தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டைகள் மிளகு போல வட்டமாகத் தெரியும். அன்றைக்கு அந்தப் பெண்ணின் தாளில் மட்டும் அவை நெல் போல நீண்டிருந்தன. கும்மிடிப்பூண்டிக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டி இருந்த துப்பாக்கி சுடும் கிளப்பில், சுட்ட தாளைக் கழற்றிப் புதுத் தாள் மாட்டுவது என் வேலை. ஐந்தாவது வரைதான் படித்தேன். யாரிடமும் நானாகப் போய்ப் பேச மாட்டேன். அங்கே சுடப் பழகிய அந்தப் பெண்ணுக்குச் சொந்தத் துப்பாக்கி கிடையாது. கிளப் துப்பாக்கி ஒன்றைத் தன் பிள்ளை மாதிரி துடைத்து வைத்துக்கொள்வாள். அவள் அப்பா இரும்புக் கம்பெனியில் வேலை செய்தார். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள் வரைக்கும்தான் பொறுப்பேன், அதில் வராவிட்டால் செருப்புக் கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அவள் குண்டுகள் மூலைக்கு ஒன்றாய்ப் போயின. "கையி நடுங்குது. ஊட்ல சண்டையா, இன்னா?" என்று அன்றைக்குக் கோச் எல்லார் முன்னாலும் கேட்டார். பக்கத்தில் சுட்டவன், "செவுத்தயாவது தொட்டுச்சே சார்" என்றான். அவள் என்னிடம் வந்து, "ஆயா, என் தாளைக் குடு, கிழிச்சிப் போட்டுட்றேன்" என்றாள். கொடுத்தேன். வாங்கியவள் கிழிக்கவில்லை. என் மடியில் கிடந்த அவனுடைய தாளையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஆயா, கை நடுங்குனா குண்டு தள்ளித்தான் போவும். இது படுத்துக்கினு போயிருக்குது."

கோச் இரண்டு தாளையும் பார்த்தார். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, குழாயின் வாயை வெயிலில் திருப்பினார். குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரி வெட்டியிருப்பதால்தான் குண்டு சுழல்கிறது, சுழல்வதால்தான் சாயாமல் போகிறது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது, "வாய் மூளியாயிடுச்சி பாரு. வெளிய வரும்போது பின்னாடி வர்ற காத்து ஒரு பக்கமா பிச்சிக்கினு போவுது. குண்டைச் சாய்ச்சி வுட்டுடுது. எவன் கை வெச்சது இதுல?" என்றார்.

கிளப் பொருளைக் கெடுத்தவரை வெளியே அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். அது தெரிந்தும் அவள், "நான்தான் சார்" என்றாள். பூஜைக்குக் குழாய் வாயில் சந்தனம் வைத்திருக்கிறாள். காய்ந்து கல்லாகிப் போனதை அரத்தால் சுரண்டியிருக்கிறாள்.

கோச் அந்தத் துப்பாக்கியை ஓரமாக வைத்தார். பிறகு தன்னுடைய துப்பாக்கியை எடுத்து நீட்டினார். "சந்தனம் வெச்சே ஆவணும்னா என் நெத்தியில வை. இத்தத் தொடாத."

அதில் சுட்டாள். நான் போய்த் தாளை எடுத்து வந்தேன். ஓட்டைகள் எல்லாம் வட்டம். ஆனால் எல்லாமே நடுவை விட்டு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. கோச் முகம் சுளித்தார். அவளுக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

"இது என் கை, ஆயா. இத்த நான் சரி பண்ணிக்குவேன்."

ஆள் எடுத்த அன்றைக்கு அவளுக்கு மாவட்ட அணியில் கடைசி இடம் கிடைத்தது. செருப்புக் கம்பெனிப் பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இப்போது கிளப்பில் தாள் கிடையாது. சுட்டதும் திரையில் எண் விழுகிறது. குண்டு எப்படி வந்தது என்று அது காட்டுவதில்லை. நான் பெருக்க மட்டும் போகிறேன். அவளும் வருகிறாள். எண் குறைகிற அன்றைக்கு என்னிடம் ஒரு பழைய அட்டை கேட்பாள். கொண்டுபோய் நட்டு வைப்பேன், அதில் சுடுவாள். தப்பு கையிலா குழாயிலா என்று பார்க்காமல் அவள் வீட்டுக்குப் போவதில்லை.