பதினாலாம் நம்பர் பெட்டி

கச்சேரிமேட்டு சப்ஜெயிலில் சாயங்காலம் ஆறு மணிக்கு லாக்கப். அந்த நேரத்தில்தான் திண்டுக்கல் பிரியாணிக் கடைகளில் அண்டா இறங்கும். வாசனை மதில் ஏறி உள்ளே வரும். இருபத்திரண்டு கைதிகளும் மூக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் தவிக்கும்போது வார்டர் சடையாண்டி பேர் அழைப்பார்.

"கொடைரோடு மாயாண்டி மகன் பொன்னழகு!"

"இருக்கேன்யா."

பொன்னழகு கொடைரோடு ரயிலடியில், மலைக்குப் போகிறவர்களின் பெட்டிகளைத் தூக்குகிறவன். சில பெட்டிகளை மட்டும் வேறு திசையில் தூக்கிவிடுவான். அதனால் வருடத்தில் பாதி நாள் உள்ளேதான் இருப்பான்.

ஊர், அப்பன் பேர், ஆள் பேர் என்று இருபத்திரண்டையும் கையில் காகிதமே இல்லாமல் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் சடையாண்டி தன்னையே அழைப்பார். "கன்னிவாடி பெருமாள்சாமி மகன் சடையாண்டி!" பிறகு தானே "இருக்கேன்" என்று பதிலும் சொல்லிக்கொண்டு பூட்டைப் போடுவார். புதுக் கைதிகள் முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் சிரிக்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு தயிர்க்காரர். ஐம்பத்தொன்றாம் வருடம் வரை அங்கே தலையை எண்ணித்தான் பூட்டுவார்கள். ஒருநாள் எண்ணிக்கை கச்சிதமாக இருந்தது. விடிந்து பார்த்தால் ஒரு கைதியைக் காணோம். அவன் இடத்தில், ஜெயிலுக்குத் தயிர் ஊற்ற வந்து வரிசையோரம் கண்ணயர்ந்துபோன தயிர்க்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். காலை வாடிக்கை போச்சே என்று அவர் போட்ட கூச்சலில் மதிலே ஆடியது. அன்றிலிருந்து மதிலுக்குள் எவர் இருந்தாலும், வார்டர் உட்பட, பேர் சொல்லித்தான் பூட்டுவது என்று சடையாண்டி வைத்துக்கொண்டார். நம்பர் மூட்டைக்கு மட்டும். கைதி உள்ளே வரும்போது அவன் வேட்டி, துண்டு, பொடிமட்டை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, நம்பர் போட்ட பித்தளை வில்லையை அதில் மாட்டிவிடுவார்கள். பேர் அழைக்க ஆரம்பித்த பிறகு பதினோரு வருடத்தில் ஒருவனும் ஓடவில்லை.

இத்தனைக்கும் அவர் 'பொறுப்பு' ஹெட் வார்டர்தான். ஒன்பது வருடமாக அதே பொறுப்பு.

"சாவியக் குடுப்பாகளாம், கைப்பட்டையக் குடுக்க மாட்டாகளாம்" என்று அவர் மனைவி மாயம்மாள் சட்டைக்குக் கஞ்சி போடும்போதெல்லாம் முணுமுணுப்பாள். சடையாண்டிக்குப் பதவிப் பட்டைகூடப் பெரிதில்லை. சாயங்காலம் பேர் அழைக்கிற அந்தக் கால் மணி நேரம் தன் கையைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

அறுபத்திரண்டில் ஒரு மானியம் அந்த ஜெயில் வாசல்வரை வந்து சேர்ந்தது. சிறைப் பணியாளர்களிடம் தலைமைப் பண்பை வளர்க்கப் பாடத்திட்டம் எழுத வேண்டும் என்று கடல் தாண்டி இருந்த ஓர் அறக்கட்டளை மூன்று வருடத்துக்கு முன்பே கொடுத்த பணம் அது. முதல் வருடம் குழு அமைப்பதில் போனது. இரண்டாம் வருடம், தலைமைப் பண்பு பற்றிய அந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்ற சண்டையில் போனது. மூன்றாம் வருடம் ஒரு ஜீப் வாங்கினார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் பாடத்திட்டம் அச்சாகவில்லை என்றால் மானியம் திரும்பிப் போய்விடும் என்று தந்தி வந்ததும், திட்ட அதிகாரி அருள்நாதன் அந்த ஜீப்பில் ஏறித் தெற்கே வந்தார். ஜெயிலின் உள்பக்கத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஏம்ப்பா ஹெட்டு, இங்கே மட்டும் ஏன் யாரும் தப்பிப்பதில்லை?"

"நான் என்னத்தய்யா செய்யிறேன்? பேரச் சொல்லிக் கூப்புடுறேன், அம்புட்டுத்தேன். அப்பன் பேரு காதுல விழுந்தா எவனும் மதிலப் பாக்க மாட்டான். ஓடுனா அப்பனையும்ல சேத்து இழுத்துக்கிட்டு ஓடணும்!"

அருள்நாதனுக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று மணி நேரம் எழுதினார். தயிர்க்காரர் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். கடைசியில் தன்னையே அழைத்துக்கொள்கிறாரே, அதை மட்டும் தேவையில்லை என்று அடித்துவிட்டார். எழுதி முடித்து, பிரியாணி சாப்பிட்டு, ஜீப் ஏறிப் போனார். சடையாண்டியின் பேர் என்ன என்று கேட்கவில்லை.

அடுத்த மாதமே ஆணை வந்தது. பத்து நாள் பயிற்சி. சான்றிதழ் வாங்கினவர்தான் இனி ஹெட் வார்டர். சடையாண்டியும், அவருக்குக் கீழே வேலை பார்த்த நாச்சிமுத்து என்ற இளம் வார்டரும் தகரப் பெட்டியோடு ரயில் ஏறினார்கள்.

பயிற்சிப் பள்ளி வாசலில் ஒரு குமாஸ்தா நிமிர்ந்தே பார்க்காமல் ஆளுக்கொரு பித்தளை வில்லையை நீட்டினார். சடையாண்டிக்குப் பதினாலு. பரவாயில்லை, இங்கேயும் ஒழுங்காகத்தான் நடத்துகிறார்கள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு, அதைக் கொண்டுபோய்த் தன் பெட்டிப் பூட்டில் மாட்டினார். மற்றவர்கள் சட்டையில் குத்திக்கொண்டதைப் பார்த்து, நல்ல பித்தளையைத் தொலைக்கப் போகிறார்களே என்று வருத்தப்பட்டார்.

தினமும் காலையில் குமாஸ்தா பதிவேட்டை விரிப்பார். "பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு, பதினாலு... பதினைந்து." பெட்டிகளைச் சரிபார்க்கிறார் என்று நினைத்து, சடையாண்டி தன் பேர் வரட்டும் என்று கைகட்டிக் காத்திருப்பார். பின்வரிசையில் நாச்சிமுத்து தன் நம்பருக்குத் தூக்கத்திலேயே "உள்ளேன் ஐயா" என்பான்.

நாலாம் நாள் அருள்நாதனே வகுப்பெடுத்தார். புது அச்சு வாசனையோடு புத்தகத்தை விரித்து, 'பெயர் சொல்லி அழைத்தலின் மாண்பு' என்ற பாடத்தை வாசித்தார். "தென் மாவட்ட வார்டர் ஒருவர்..."

சடையாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்துவிட்டார். "அது நாந்தேன்யா!"

"உட்காருப்பா. உன் நம்பர் என்ன?"

"எனக்கு நம்பர் கெடையாதுங்கய்யா. பொட்டிக்குத்தேன்."

வகுப்பே சிரித்தது. அருள்நாதனும் சிரித்தார், அடுத்த பதிப்புக்கு உதவும் என்று குறித்தும் கொண்டார். பாடம் தொடர்ந்தது.

பத்தாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். சடையாண்டிக்கு இல்லை.

"பதினாலு ஒருநாள்கூட வரவில்லையே" என்றார் குமாஸ்தா.

"பத்து நாளும் ஒங்க மூஞ்சிக்கு நேராத்தானய்யா ஒக்காந்திருந்தேன்!"

"பதிவேட்டில் இல்லையே. இல்லாத ஆளுக்குச் சான்றிதழ் கொடுத்தால் மானியக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது?"

அருள்நாதனைப் பார்க்கலாம் என்று ஓடினார். திட்டம் மகத்தான வெற்றி, மேலும் மூன்று வருடத்துக்கு மானியம் வேண்டும் என்ற அறிக்கையோடு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் சாவி, சான்றிதழ் வாங்கிய நாச்சிமுத்துவின் கைக்குப் போனது. மாயம்மாள் அன்றைக்கும் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். அதுதான் சடையாண்டிக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, வேலையில்லாமல் கம்பிக் கதவோரம் நின்றார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

நாச்சிமுத்து பள்ளியில் கொடுத்த அச்சுப் படிவத்தை விரித்தான். அதில் பேர் எழுத இடமில்லை. நம்பருக்குத்தான் கட்டம் இருந்தது. ஒன்று முதல் இருபத்திரண்டு வரை வாசித்தான். கைதிகள் அசிரத்தையாக ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. பூட்டை எடுத்தான்.

"ஒரு ஆளு விட்டுப்போச்சுய்யா" என்றான் பொன்னழகு.

நாச்சிமுத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி எண்ணினான். இருபத்திரண்டுதான். "யார்றா விட்டுப்போனது?"

பொன்னழகு எழுந்து நின்றான். ஜெயில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கம்பிக் கதவுப் பக்கம் திரும்பி, மதில் தாண்டிக் கேட்கும்படி அழைத்தான்.

"கன்னிவாடி பெருமாள்சாமி மகன் சடையாண்டி அய்யா!"

பத்து நாளாக வெள்ளைச் சட்டைக்காரர்கள் யாரும் கூப்பிடாத பேரை ஒரு பெட்டித் திருடன் கூப்பிட்டுவிட்டான். சடையாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன்" என்றார்.

நாச்சிமுத்து பூட்டைப் போட்டான்.