படத்தில் நனையாத குடிசைகள்

எங்கள் அடையாறு ஆபீஸில் ஸ்ரீரஞ்சனிக்கு நாற்காலி போட்டதே தண்டம். உட்கார்ந்தால்தானே? மயிலாப்பூரிலிருந்து வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள் என்று கிண்டல் செய்வோம். வேலை என்னவோ பொறுமைசாலிகள் செய்ய வேண்டியது. செயற்கைக்கோள் படங்களில் எது தண்ணீர், எது தரை என்று கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. செயற்கை அறிவு என்று பெயர். அதுவும் இவளிடம் மாட்டிக்கொண்டு விழித்தது.

தொண்ணூற்றாறு மழையில் அரசாங்கத்திலிருந்து முதல்முறையாக எங்களிடம் வெள்ள வரைபடம் கேட்டார்கள். அதில் தண்ணீர் என்று நீலம் காட்டும் இடத்துக்குத்தான் சாப்பாட்டுப் பொட்டலம் போகும். மேகத்தை ஊடுருவி எடுத்த ரேடார் படத்தில் தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கம்ப்யூட்டர் கறுப்பையெல்லாம் நீலமாக்கியது. சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசைகள் மட்டும் வெள்ளையாக, காய்ந்த தரையாகக் கிடந்தன.

"சுத்திலும் தண்ணி. நடுவுல மட்டும் எப்படி சார் காஞ்சு கெடக்கும்?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"மெஷின் சொல்லுதே" என்றார் மேலதிகாரி பரத்வாஜ். அவள் குடையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டாள்.

திரும்பியபோது புடவை இடுப்பு வரை சேறு. "தண்ணி எது வரைக்கும்னு பாத்துக்கோங்கோ சார். கோவிந்தம்மான்னு ஒரு மீன்காரம்மா, 'அடுப்புக்கு மேல தண்ணி கீது, இன்னாத்தம்மா பாக்க வந்தே?'ன்னு கேக்கறா." குடிசைச் சுவர்களில் மோதிய ரேடார் அலை பளிச்சென்று திரும்பியதால்தான் நடுவிலிருந்த தண்ணீர் தெரியவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெள்ளையும் தண்ணீர்தான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அது படத்தில் தி.நகர் மொத்தத்தையும் மூழ்கடித்துவிட்டது. மாடிக் கட்டடங்களும் வெள்ளைதானே! தலையில் அடித்துக்கொண்டு, அச்சான படத்தில் அந்தக் குடிசைகளுக்குத் தன் கையாலேயே நீலப் பென்சில் தீட்டினாள்.

"கம்ப்யூட்டர் படம்னு சொல்லியிருக்கோம்மா" என்றார் பரத்வாஜ்.

"இது மட்டும் நான் சொன்னேன்னு எழுதிடுங்கோ."

படம் ஜீப்பில் போனது. நாங்கள் அப்பாடா என்று சாய்ந்தோம். அவள் நகலையே வெறித்துக்கொண்டு நின்றாள். ஆற்றோரம் நெடுக இன்னும் எத்தனையோ வெள்ளைத் திட்டுகள்.

"நான் போய் நின்ன தெருவுக்குத்தானே நீலம் போட்டேன்?" அவள் விரல் அடுத்த திட்டின் மேல் போனது. "போகாத தெருவுல இருக்கறவா என்ன பண்ணுவா?"

இருட்டுவதற்குள் எத்தனை தெருவைப் போய்ப் பார்க்க முடியும் என்று நான் கேட்டபோது, பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. நீலப் பென்சிலையும் காணோம்.