அந்த மூணு விசில்

இன்னைக்கு ஹெட்போனைச் சரிபண்ண மேலப்பாளையம் போனேன். கடைக்கார பாய் ஒயரைப் பத்தவச்சிட்டு, சோதிச்சுப் பார்க்க ஒரு பாட்டைப் போட்டு என் காதுல மாட்டினாரு.

இருபது நிமிசம் ஓடுற புரோக்ரெசிவ் ராக், மேடையில வாசிச்ச இங்கிலீஷ் பாட்டு. காலேஜ்ல இருந்து நான் கேட்டுக்கிட்டிருக்கிற அதே கச்சேரி. திருநெல்வேலியில இதைக் கேக்க இன்னொரு ஆள் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல.

அப்புறம் என்ன, எந்த கிதார்காரர் பெரிய ஆள்னு சண்டைதான்.

"வெரல் பறக்கணும் வே"ன்னாரு பாய்.

"இல்ல பாய், ஒரே சுரத்துல நிக்கணும். இந்தக் கச்சேரியிலயே கிதார் அப்படி நிக்கும்போது கூட்டத்துல ஒருத்தன் உருகிப்போய் மூணு விசில் அடிப்பாம்லா"ன்னேன்.

"விசிலா? அப்படி ஒண்ணும் கெடையாதே."

போட்டுக் காட்டினாரு. கெடையாது.

ஒண்ணும் புரியாம ஆழ்வார்குறிச்சி அத்தானுக்குப் போன் போட்டேன். எனக்கு அந்தக் கேசட்டைப் பதிஞ்சு குடுத்தது அவருதான். அதைத்தான் இன்னைக்கும் போன்ல ஏத்தி வச்சிருக்கேன்.

"ரெண்டு டேப் ரெக்கார்டரை எதிரெதிரா வச்சு, ஒண்ணைப் பாடவிட்டு இன்னொண்ணோட மைக்குலல்லா பதிஞ்சேன். அடுக்களையில எங்கம்மை குக்கர் வச்சிருப்பா. பருப்புக்கு அவ மூணு விசில்தான் விடுவா"ன்னு சாதாரணமா சொல்லுதாரு.

வீட்டுக்கு வந்து ரெண்டு பதிவையும் மாத்தி மாத்திக் கேக்கேன். விசில் இல்லாதது சப்புன்னு இருக்கு.

இத்தனை வருசமா நான் யாருக்கு ரசிகன், அந்த கிதார்காரருக்கா, எங்க அத்தைக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.