ஷ்டைகரின் கற்கள்

எவால்டின் கட்டிலை மீன்தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டவள் அவன் மனைவி ரோஸ்விதாதான். நிலக்கரித் தூசி அவன் நுரையீரலைத் தின்று முடித்திருந்தது. எழுந்து உட்காரவும் ஆள் வேண்டும். தொட்டியில் இருந்தது ஒரே ஒரு நீலச் சிக்லிட், ஆண்மீன். அதற்கு ஷ்டைகர் என்று பெயர். சுரங்கத்தில் அதட்டி வேலை வாங்கும் மேற்பார்வையாளனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். பேருக்கேற்ற குணம். கூட இருந்த பெண்மீனை அதுவே கடித்துக் கொன்றிருந்தது.

“அதுக்குத் துணை பாத்து வாங்கிட்டு வா, ரோசி. கண்ண மூடறதுக்குள்ள தொட்டி கலகலன்னு இருக்கறத ஒருதரம் பாத்துடணும்.”

எவால்ட் வாய்விட்டு ஆசைப்பட்டுக் கேட்டதே அபூர்வம். இதையாவது நிறைவேற்றிவிட வேண்டும் என்று அவள் தவித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன்வளர்ப்புச் சங்கத்தில் சந்தை. பன்றிக் கொத்துக்கறி தடவிய ரொட்டியும் கையுமாக நின்ற ஹைனர், எவால்டின் பழைய சிநேகிதன், அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

“உன் வீட்டுல ரெண்டு ரவுடி இருக்கானுங்களே, இப்ப எவனுக்குத் துணை தேடற?”

“வாய மூடிட்டு வழி சொல்லு.”

“நீலத்த எடுக்காத. பங்காளி வந்துட்டான்னு பாயும். மஞ்சள் எடு, அதே அளவுல. சின்னதா எடுத்தா ஒரே கடிதான். ஒண்ணா எடுக்காம ஆறா எடு. அடி ஆளுக்குக் கொஞ்சமாப் பிரியும். முக்கியமா, விடறதுக்கு முன்னாடி கல்லையெல்லாம் கலைச்சு மாத்தி வெச்சிடு. பழைய குகை அப்படியே இருந்தா அது ஒருத்தரையும் வாழ விடாது.”

மஞ்சள் மீன்களைத் தேர்ந்தெடுத்ததில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு வீட்டில் காத்திருந்தது. கல்லைத் தொட அவள் கையை நீட்டியதுமே எவால்ட் சீறினான்.

“அதுல கை வெக்காத!”

“ஹைனர் சொன்னான்…”

“கெடக்கறான் ஹைனர். அவன் என்னிக்காவது பூமிக்குக் கீழ போயிருக்கானா? ஒவ்வொரு கல்லா சாப்பாட்டுப் பையில வெச்சு மேல கொண்டாந்து கட்டினது நான். நான் போனப்புறம் கலைச்சுக்கோ.”

இதற்குமேல் எந்த மனைவி வாதாடுவாள்? தெரிந்தே மீன்களை உள்ளே விட்டாள்.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனவள் திரும்பி வந்தபோது எவால்டின் ஆக்சிஜன் குழாய் மூக்கிலிருந்து கழன்று கிடந்தது. ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தொட்டியில் நான்கு மஞ்சள் மீன்கள் மிதந்தன. மீதி இரண்டும் செதில் கிழிந்து மேல்மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் குழாயை மாட்டிவிட்டதும் அவனுக்குப் பேச்சு வந்தது. “பாத்துக்கிட்டே கெடந்தேன், ரோசி. ஒவ்வொண்ணா… கண்ணாடியத் தட்டக்கூட கை எட்டல.” மூச்சு வாங்கியது. “கல்ல எடுத்துடு.”

அழுதுகொண்டே எல்லாக் கற்களையும் வாளியில் எடுத்துப் போட்டாள். அவன்மேலும் கோபம், வாய் திறக்காத தன்மேலும் கோபம். குகை போன ஷ்டைகர் நிறம் வெளுத்து நடுத்தண்ணீரில் நின்றது.

“கட்டில சுவத்துப் பக்கம் திருப்பு,” என்றான் எவால்ட்.

சில நாட்களில் மூன்று மீன்களும் ஒரே இடத்தில் தீனி தின்ன ஆரம்பித்தன. “சண்டையே இல்லப்பா, ஒரு தடவ திரும்பிப் பாரேன்,” என்று அவள் கெஞ்சாத நாளில்லை. அவன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே செத்தான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த ஹைனர் தொட்டியருகே குனிந்தான்.

“அட, நல்லா சேந்துடுச்சே. எவால்ட் பாத்தானா?”

ரோஸ்விதா காலிக் கட்டிலின் விரிப்பை உருவினாள். கல் வாளி அதனடியில்தான் இருந்தது.